பதினேழு ஆண்டுகள் எங்கே போயின?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்படங்களில் முதலாவதில், ஹாபிட் என்னும் குள்ள இனத்தைச் சேர்ந்த பில்போவின் பிறந்தநாள் விருந்து முடிந்ததும், எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் மந்திர மோதிரம் அவனுடைய உறவினன் ஃப்ரோடோவின் கைக்கு வருகிறது. மந்திரவாதி கண்டால்ஃப் அவசரமாகக் குதிரையேறிப் போகிறார். பழைய சுவடிக்கூடம் ஒன்றில் ஏடுகளைப் புரட்டுகிறார். திரும்பி வந்து இருட்டுக்குள்ளிருந்து ஃப்ரோடோவின் தோளைப் பற்றுகிறார். பார்ப்பவருக்கு இடையில் சில வாரங்களோ மாதங்களோ போயிருக்கும் என்றுதான் தோன்றும். புத்தகத்தில் அந்த இடைவெளி 17 ஆண்டுகள். விருந்து நாளில் 33 வயதை எட்டிய ஃப்ரோடோ, ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஐம்பதைத் தொட்டுவிடுகிறான். திரையில் மிரண்டு நின்ற அந்த இளைஞனை மனத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்த எனக்கு, வீடும் தோட்டமும் நிதானமான பழக்கவழக்கங்களும் கொண்ட நடுவயதுக்காரன் ஒருவன் எதிர்ப்பட்டான். மோதிரத்தின் புண்ணியத்தால் அவன் முகத்தில் வயது ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

"கதைதான் தெரியுமே, அந்த ஆயிரம் பக்கங்களை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று ஜே.ஆர்.ஆர். டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பற்றி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த 17 ஆண்டுகளைத்தான் எடுத்துக்காட்டுகிறேன். கதை தெரியும், அதன் காலம் தெரியாது. பீட்டர் ஜாக்சனின் படங்கள் மிடில் எர்த் என்ற அந்த உலகின் இடங்களையும் முகங்களையும் தந்துவிடுகின்றன. அங்கே நாட்கள் எப்படிக் கழிகின்றன, ஒரு செய்தி மலையைத் தாண்டி வர எவ்வளவு காலம் பிடிக்கிறது, அதற்காகக் காத்திருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறது.

நான் படத்தின் வழியாக உள்ளே போனவன். கல்லூரி விடுதியில், நண்பனின் கணினித் திரையில் ஆங்கில சப்டைட்டில் ஓட, ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். புத்தகம் கைக்கு வந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். படத்தை முதலில் பார்ப்பதைப் பாவமாகக் கருதும் வாசகர்கள் உண்டு. வாசகனின் கற்பனையைப் படம் முந்திக்கொண்டுவிடும் என்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு அந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மோதிரத்தைத் தேடும் தீய அதிபதி சௌரான் ஒருவன், துரோகியாக மாறிய மந்திரவாதி சாருமான் இன்னொருவன். தியோடன் ஒரு மன்னர், டெனதோர் வேறொரு நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளர். ஒரே ஆளுக்கு ஸ்ட்ரைடர், அராகோர்ன், எலெஸ்ஸார் என்று பல பெயர்கள். இவர்களுக்கெல்லாம் முகம் கொடுத்து, பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் சொல்லித்தந்தது படம்தான். அந்த முகங்களும் புத்தகத்துக்கு அந்நியமானவை என்று சொல்லிவிட முடியாது. படத்தின் தோற்றத்தை வரைந்து கொடுத்த ஆலன் லீயும் ஜான் ஹோவும் அதற்கு முன்பே டோல்கியனின் உலகத்தை ஆண்டுக்கணக்கில் ஓவியமாகத் தீட்டியவர்கள்.

ஆகவே முதலில் படம். அதிலும் 2001, 2002, 2003 டிசம்பர்களில் வெளியான திரையரங்கப் பதிப்பு போதும். மூன்றும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். நீட்டிக்கப்பட்ட பதிப்பு பதினொரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதைப் புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு பார்ப்பதற்கென்று எடுத்துவைத்துவிடலாம். சேர்க்கப்பட்ட காட்சிகளின் அருமை அப்போதுதான் தெரியும். முன்கூட்டிப் பார்த்தால் அவை வேகத்தடைகளாகத்தான் தோன்றும்.

புத்தகத்தை எடுத்ததும் நான் செய்த உருப்படியான காரியம், பின்னிணைப்பைப் புரட்டியது. இரண்டாவது பின்னிணைப்பில் ஆண்டு வாரியாகவும், முக்கியமான மாதங்களுக்கு நாள் வாரியாகவும் நிகழ்ச்சிகள் தரப்பட்டிருக்கின்றன. கதைமுடிவு அதில் அப்பட்டமாக இருக்கிறது என்பதால் படம் பார்க்காதவர்கள் தொடக்கூடாது. பார்த்தவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். ஃப்ரோடோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது செப்டம்பர் 23. அக்டோபர் இருபதாம் தேதிதான் எல்ஃப் இனத்தவர் வாழும் ரிவெண்டெல் எல்லையை அடைகிறான், அதுவும் குற்றுயிராக. அங்கே இரண்டு மாதங்கள் தங்குகிறார்கள். மோதிரத்தை அழிக்க ஒன்பது பேர் குழு புறப்படுவது டிசம்பர் 25. மோரியாச் சுரங்கத்தில் கண்டால்ஃபை இழந்த பிறகு லோத்லோரியன் காட்டில் ஏறக்குறைய ஒரு மாதம். மோதிரம் அழிவது மார்ச் 25. படத்தில் ஓட்டமும் துரத்தலுமாகத் தெரிந்த பயணம், புத்தகத்தில் பாதிக்குமேல் நடையும் தங்கலும்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி அந்தந்தத் தேதிக்கு ஏற்றாற்போல் படித்தேன். வாசகர்களிடையே பழைய பழக்கம்தான் இது. அவர்கள் ரிவெண்டெலில் காத்திருந்த நவம்பரில் நானும் புத்தகத்தை மூடிவைத்துக் காத்திருந்தேன். தை பிறந்த சமயத்தில் அவர்கள் மோரியாவின் இருட்டுக்குள் போனார்கள். இந்த வேகத்தில் படித்தால்தான் ஃப்ரோடோவோடு வரும் தோட்டக்காரன் சாம் எதற்காக அடிக்கடி உப்பையும் சமையல் பாத்திரங்களையும் நினைத்துக் கவலைப்படுகிறான் என்பது புரிகிறது. பக்கத்தில் வரைபடம் இருக்க வேண்டும். புத்தகத்தின் வரைபடங்களை வரைந்தவர் டோல்கியனின் மகன் கிறிஸ்டோபர். அதைப் படி எடுத்துத் தனித்தாளாக வைத்துக்கொள்வது வசதி. ஒவ்வொரு அத்தியாயத்திலும் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தால் அலுத்துவிடும். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்குக் காரென் வின் ஃபான்ஸ்டாட் 1981-ல் வெளியிட்ட நிலப்பட நூல் இருக்கிறது. எந்த இரவு எங்கே தங்கினார்கள், அன்று எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதுவரை அந்த அம்மையார் கணக்கிட்டிருக்கிறார்.

இப்படிக் கணக்கிட முடிவதற்குக் காரணம் டோல்கியனின் பிடிவாதம். 1937-ல் தொடங்கி 1949-ல் முடித்த எழுத்து அது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் ஓய்வு நேரங்களில் எழுதியது. வெவ்வேறு இடங்களில் பிரிந்து போனவர்கள் ஒரே இரவில் பார்க்கும் நிலவு ஒரே பிறையாக இருக்க வேண்டும் என்பதற்காக அத்தியாயங்களைத் திருத்தியவர் அவர். நடையின் களைப்பும் அவர் அறியாததில்லை. 1916-ல் சொம் போர்க்களத்தில் இருந்தவர். ஃப்ரோடோவும் சாமும் கடக்கும், நீருக்கடியில் பிணமுகங்கள் தெரியும் சதுப்பு நிலத்துக்கு அந்தப் போருக்குப் பிந்தைய வடக்கு பிரான்ஸ் ஓரளவு கடன் கொடுத்திருக்கிறது என்று கடிதம் ஒன்றில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காலத்தை டோல்கியன் வேறொரு விதத்திலும் கையாள்கிறார். எனக்குப் புத்தகம் முழுவதிலும் மிகவும் பிடித்தது அதுதான். படம் ஃப்ரோடோவின் பயணத்தையும் அராகோர்னின் போர்களையும் மாறிமாறிக் காட்டுகிறது. புத்தகம் அப்படிச் செய்வதில்லை. இரண்டாம் தொகுதியின் முதல் பாதியில் ஃப்ரோடோ ஒரு வரியில்கூட நேரில் வருவதில்லை. இரண்டாம் பாதியில் முக்கியமாக அவனும் சாமும், மோதிரத்தை முன்பு வைத்திருந்த கோல்லுமும்தான். அந்தப் பாதி, ஃப்ரோடோ உயிரோடு எதிரியின் கையில் சிக்கினான் என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்த பத்து அத்தியாயங்கள் மினாஸ் தீரித் கோட்டை நகரின் முற்றுகை, பெரும்போர், சௌரானின் நாடான மோர்டோரின் கறுப்பு வாயிலை நோக்கிய படையெடுப்பு. ஃப்ரோடோவைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. கடைசியில் சௌரானின் தூதன் வாயிலுக்கு வெளியே வந்து ஃப்ரோடோவின் மித்ரில் என்ற அரிய உலோகத்தாலான கவசத்தையும், சாம்பல் நிற மேலங்கியையும், சாமின் குறுவாளையும் தூக்கிக் காட்டுகிறான். சாமும் மாட்டிக்கொண்டானா, மோதிரம் போய்விட்டதா என்று கண்டால்ஃபுக்குத் தெரியாது. படிக்கிற நமக்கும் தெரியாது. ஃப்ரோடோவின் தோழன் பிப்பின் கதறும்போது நம் வயிற்றிலும் அதே கலக்கம்தான்.

படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் இந்தத் தூதன் வருகிறான், பயங்கரமான வாயோடு. ஆனால் அதற்குள் சாம் ஃப்ரோடோவை மீட்டுவிட்டதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். அதனால் தூதன் காட்டும் கவசம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. திரையரங்கப் பதிப்பில் அந்தக் காட்சியையே விட்டுவிட்டார்கள். சரியான முடிவு என்றுதான் சொல்வேன். மாறிமாறி வெட்டிக்காட்டும் படத்துக்கு அந்த அறியாமை வாய்க்காது. முடிவு தெரிந்த பிறகும் புத்தகத்தில் அந்த இடம் என்னை உலுக்கியது. ஏனென்றால் பத்து அத்தியாயங்களாக நானும் அந்தப் படையோடு நடந்திருந்தேன்.

படம் விட்டதைப் பட்டியலிடுவது படிக்கிறவர்களின் முதல் பொழுதுபோக்கு. நானும் விதிவிலக்கல்ல. பட்டியலைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு: விடுபட்டதால் எங்கே என்ன ஆட்டம் கண்டது என்று பார்ப்பது. டாம் பாம்படிலையும் அவரை ஒட்டி வரும் கல்லறை மேடுகளையும் படம் தாண்டிப் போய்விடுகிறது. பாட்டுப் பாடித் திரியும் ஒரு விசித்திர ஆளை நீக்கியதால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று தோன்றலாம். அந்தக் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்துத்தான் பாம்படில் நான்கு ஹாபிட்டுகளுக்கும் குறுவாள்கள் தருகிறார். அங்மார் அரசனோடு போரிட்ட வடநாட்டு மனிதர்கள் அந்தப் போருக்காகவே வடித்த வாள்கள் அவை. அந்த அரசன்தான் பின்னால் சூனியப் படைத்தலைவனாக மினாஸ் தீரித் முன்னால் வந்து நிற்கிறான். அவன் காலில் அந்த ஹாபிட்டுகளில் ஒருவனான மெர்ரி பின்னாலிருந்து குத்தும்போது, வேறெந்த வாளாலும் முடியாததை அந்த வாள் செய்கிறது. வடித்த கொல்லன் செத்துப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வேலை நிறைவேறுகிறது. படத்தில் மெர்ரியின் வாளுக்கு இப்படி ஒரு பின்கதை கிடையாது. அந்த அரசனை எதிர்த்து நிற்கும் எயோவினின் வீரம் அந்தக் காட்சியைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. ஆனாலும் நூற்றாண்டுகளின் கனம் அதில் இல்லை.

எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜாக்சனும் ஃப்ரான் வால்ஷும் ஃபிலிப்பா போயன்ஸும் தூக்கியெறிந்தது போலத் தோன்றும் பல வரிகளை வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள். கோல்லுமைக் கொல்லாமல் விட்ட இரக்கத்தைப் பற்றிய உரையாடல் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே, ஃப்ரோடோவின் வீட்டில் நடக்கிறது. படத்தில் அது மோரியாவின் இருட்டில், கோல்லும் பின்தொடர்ந்து வரும் நேரத்தில் வருகிறது. டெனதோர் முன்னால் பிப்பின் பாடும் அந்த நெஞ்சைப் பிசையும் பாட்டின் வரிகள், புத்தகத்தில் தங்கள் ஊரான ஷயர் வழியே மாலையில் நடக்கும்போது ஹாபிட்டுகள் உற்சாகமாகப் பாடும் நடைப்பாட்டின் கடைசிப் பகுதி. மெட்டமைத்தவர் பிப்பினாக நடித்த பில்லி பாய்டே. வெள்ளைக் கடற்கரையையும் அதற்கப்பாலுள்ள பசும் நிலத்தையும் பற்றி கண்டால்ஃப் பிப்பினுக்குச் சொல்லும் ஆறுதல், பாம்படில் வீட்டில் ஃப்ரோடோ காணும் கனவு. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தபோது படத்தின் மீது எனக்கு மரியாதை கூடியது. எழுதியவர்கள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்.

டெனதோரின் மகன் ஃபாராமிர் விஷயத்தில் மட்டும் இன்றும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. புத்தகத்தின் ஃபாராமிர், நெடுஞ்சாலையில் கிடந்தால்கூட அந்தப் பொருளைத் தொடமாட்டேன் என்கிறான், சொன்னபடியே நடக்கிறான். படத்தின் ஃபாராமிர் முதலில் ஆசைப்படுகிறான், ஃப்ரோடோவைக் கைதியாக இழுத்துக்கொண்டு போகிறான், பிறகு மனம் மாறுகிறான். எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் மோதிரத்தை ஒருவன் சர்வ சாதாரணமாக மறுத்துவிட்டால் பார்ப்பவருக்கு அதன் மீதிருக்கும் பயம் போய்விடும் என்பது படக்குழுவினரின் வாதம். திரைக்கதைக்கு நியாயமான வாதம்தான். ஆனால் ஆசையே படாமல் ஒதுக்கும் மனிதன் ஒருவனாவது அந்த உலகத்தில் இருக்கிறான் என்பது எனக்குத் தேவையாக இருந்தது.

பெரிய இழப்பு கடைசியில் வருகிறது. படத்தில் நான்கு ஹாபிட்டுகளும் ஊர் திரும்பும்போது ஷயர் விட்டுப்போனபடியே இருக்கிறது. மதுக்கடையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஊருக்கு எதுவும் தெரியாது. நல்ல காட்சி. புத்தகத்தில் அவர்கள் திரும்பும்போது ஊரே நாசமாகிக் கிடக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, பழைய ஆலையை இடித்துக் கட்டிய புது ஆலை புகையைக் கக்கி ஆற்றைக் கெடுக்கிறது, விருந்து நடந்த மரம்கூட இல்லை. பின்னாலிருப்பவன் சாருமான். கண்டால்ஃப் துணையில்லாமல் அவர்களே ஊரைத் திரட்டி விரட்ட வேண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் சாம், லோத்லோரியனின் தலைவி கலாட்ரியல் தந்த சிறு பெட்டியைத் திறக்கிறான். உள்ளே அவளுடைய தோட்டத்து மண், ஒரே ஒரு வெள்ளி நிற விதை. வெட்டுண்ட மரம் நின்ற இடங்களிலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிட்டிகை மண்ணை இடுகிறான். படத்தில் இந்த அத்தியாயமே இல்லாததால் பெட்டிக்கும் வேலை இல்லாமல் போகிறது. நீட்டிக்கப்பட்ட பதிப்பில் கலாட்ரியல் சாமுக்குக் கயிறுதான் தருகிறாள். தோட்டக்காரனுக்குக் கயிறு! அவன் முகம் கொஞ்சம் வாடுவதைப் பார்த்தால் அவனும் என் கட்சிதான்.

இனிக் கொஞ்சம் நடைமுறை. டோல்கியனின் ஆங்கிலத்தில் நம்மைத் தடுப்பது வாக்கிய அமைப்பைவிட நிலவமைப்பைக் குறிக்கும் சொற்கள்தான். ஓடை, பள்ளத்தாக்கு, மேடு, சதுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பல சொற்கள் உண்டு. முதல் வாசிப்பில் அவற்றுக்கு அகராதியைத் தேடாதீர்கள்; ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்பது தெரிந்தால் போதும். பாட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள்; மூன்று பாட்டு அப்படிப் படித்தும் பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போவதில் குற்றமில்லை. ரிவெண்டெலின் தலைவர் எல்ரோண்டின் ஆலோசனைச் சபை அத்தியாயத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் மிக நீண்ட அத்தியாயம் அது. இரண்டு மூன்று இரவுகளாகப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். கண்ணுக்கு அலுப்பு வந்தால் காதுக்குக் கொடுக்கலாம்: ராப் இங்லிஸ் படித்த ஒலிநூல் இருக்கிறது, படத்தில் கோல்லுமாக நடித்த ஆண்டி செர்கிஸ் படித்ததும் இருக்கிறது. பிபிசி 1981-ல் ஒலிபரப்பிய வானொலி நாடகத்தில் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்தவர் இயன் ஹோம். இருபது ஆண்டுகள் கழித்து அவரே படத்தில் பில்போவானார்.

பில்போவுக்கு மோதிரம் கிடைத்த கதையைச் சொல்லும் 'தி ஹாபிட்' நூலைச் சிறுவர்களோடு சேர்ந்து படிப்பதென்றால் அதையே முதலில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறு நூலை மூன்று படங்களாக இழுத்ததைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ட்ராகன் நன்றாக இருக்கிறது. 1937-ல் வந்த முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக கோல்லும் வாக்களிக்கிறான். அதைக் காணோம் என்றதும் மன்னிப்புக் கேட்டு வெளியேறும் வழியைக் காட்டுகிறான். பெருங்கதையை எழுதும்போது அது பொருந்தாமல் போகவே, 1951 பதிப்பில் டோல்கியன் அந்த அத்தியாயத்தை மாற்றினார். பழைய வடிவத்தை பில்போ சொன்ன பொய்யாக ஆக்கிவிட்டார். மோதிரம் அப்போதே அவனைப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சியாகவும் ஆனது.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகள், படங்களைப் பார்த்த சூட்டோடு, டோல்கியன் மறைந்த பிறகு 1977-ல் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட 'தி சில்மரிலியன்' நூலை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். உலகம் இசையிலிருந்து பிறப்பதில் தொடங்கும் அந்த நூலில் ஹாபிட்டுகள் கடைசிப் பக்கங்களில்தான் தலைகாட்டுகிறார்கள். சில நாட்களில் அழைத்து, "மாமா, இதில் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன, ஆட்களே இல்லை" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் தொகுதியை எடுக்கச் சொன்னேன். இப்போது பாம்படில் வீட்டில் இருக்கிறாள். மஞ்சள் பூட்ஸ் போட்ட அந்தக் கிழவர் யார் என்று கேட்டபோது, அதை டோல்கியனே சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை.

முடித்ததும் நேரே மறுபடி சில்மரிலியனுக்குப் போகாமல், 1980-ல் வந்த 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' தொகுப்பில் 'தி ஹாபிட்' கதையில் வரும் எரெபோர் மலைப் பயணத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கச் சொல்லப் போகிறேன். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, ட்ராகனிடம் பில்போவை ஏன் அனுப்பினார் என்பதை அதில் கண்டால்ஃபே போர் முடிந்த பிறகு மினாஸ் தீரித்தில் உட்கார்ந்து ஃப்ரோடோவிடம் விளக்குகிறார். இருபது பக்கங்கள்கூட இருக்காது.